ஷியாமென்: காட்சியும் கடிதமும்

சீனத்தைப் பற்றித் தமிழில் எழுதப் புகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றனர். கல்வியைச் சீனம் சென்றேனும் தேட வேண்டும் என்னும் கருத்தமைந்த பிரபலமான வாசகத்தை முதல் வரியில் வைத்து, அது நாயகத் திருமேனி (ஸல்) அவர்களின் திருமொழி என்று ஐயமின்றிக் கூறிவிட்டு, அதன்பின் சீனத்தின் சிறப்புகளை அடுக்கத் தொடங்குகின்றனர். ஹதீஸ் கலை வல்லுநர்கள் அவ்வளவு எளிதில் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. இமாம் பைஹகீ அவர்கள், வாசகம் பிரபலமானது, அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று எழுதினார்கள். இப்னுல் ஜவ்ஸீ அவர்களோ, இட்டுக்கட்டப்பட்டவை எனத் தாம் தொகுத்த நூலிலேயே அதனைச் சேர்த்துவிட்டார்கள். கல்வி தேடுதல் கடமை என்பதற்கு வேறு வலுவான ஆதாரங்கள் இருப்பதால் இதனால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

ஈண்டு நாம் கருதுவது அந்த வாசகத்தை அன்று. அதனைச் சோதித்த முறையை. "இதைச் சொன்னவர் யார்? அவர் நேரில் கண்டாரா? கேட்டிருப்பின் யாரிடம் கேட்டார்?" என்பதே நம் முன்னோர் தங்கள் முன் வந்த ஒவ்வொரு செய்தியிடமும் கேட்ட கேள்வி. அதே கேள்வியைப் பயண இலக்கியத்தின் முன்னும் வைக்கலாம்; வைக்கவும் வேண்டும். தென்சீனக் கரையிலுள்ள ஷியாமென் என்னும் தீவு நகரத்தைப் பற்றி எழுதப்பட்டு வருவனவற்றை அந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லப்படும் அழகு

ஷியாமென், ஃபூஜியான் மாநிலத்தின் தென்பகுதியில் ஜியுலோங் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த தீவு. ஐரோப்பியர் அதனை அமோய் என்று அழைத்தனர். நாரைத் தீவு என்பதும் அதற்கு வழங்கும் ஒரு பெயர். 1955இல் கடலினூடே கல்லணை போன்றதொரு பாதை இட்டு அதனைப் பெருநிலத்தோடு இணைத்தனர். அதன் மேற்குக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த கடலைப் படகில் கடந்தால் குலாங்யூ என்னும் சின்னஞ்சிறு தீவு. அதன் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அலைகள் ஒரு குடைவுப் பாறையில் மோதி முரசு போல் முழங்கியமையால் முரசலைத் தீவு எனப் பொருள்படும் அப்பெயர் வந்தது என்பர். 2017இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவ்வூரைப் பற்றிய கட்டுரைகள் மூன்றைப் படித்தால், ஒரே கட்டுரையை மும்முறை படித்த உணர்வே எஞ்சுகிறது. மோட்டார் வண்டிகள் ஓடாத தெருக்கள். செந்நிற ஓடு வேய்ந்த மாளிகைகள். மதில்மேல் வேர்விட்டுத் தொங்கும் ஆலமரங்கள். சன்னல் வழியே மிதந்து வரும் பியானோ இசை. சூரிய ஒளிப் பாறையின் உச்சியிலிருந்து காணும் கடல். கடலுக்குள்ளேயே நீண்டு செல்லும் ஷூசுவாங் பூங்காவின் பாலம். இவற்றில் எதுவும் பொய்யன்று. சூரிய ஒளிப் பாறை தொண்ணூறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமே உடையது. ஆயினும் தீவும் துறையும் எதிர்க்கரை நகரமும் ஒருங்கே கண்ணில் விழும் இடம் அது. அழகை அழகென்று சொல்வதில் குற்றமில்லை.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மாளிகைகளைக் கட்டியவர் யார், எந்தப் பணத்தில் கட்டினார், பியானோ அங்கு எவ்வாறு வந்தது, இத்தனை சிறிய தீவில் பல நாட்டுத் தூதரகங்கள் ஏன் இருந்தன என்னும் வினாக்கள் அக்கட்டுரைகளில் எழுவதில்லை. கண்டவர் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் கண்டதற்குக் காரணம் கேட்கவில்லை. அறிவிப்பாளர் நம்பகமானவர், அறிவிப்போ அரைகுறையானது என்பதே நம் தீர்ப்பாக இருக்க வேண்டும்.

ஸைதூனில் ஒரு பழைய பயணி

இக்கரைக்கு நம்மவர் வந்து எழுதுவது புதிதன்று. ஷியாமெனுக்கு வடகிழக்கே, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், சுவான்சௌ என்னும் பழந்துறை இருக்கிறது. அரபு நூல்களில் ஸைதூன் எனப் பெயர் பெற்றது அதுவே. ஷியாமென் பெருந்துறையாக வளர்வதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே உலகக் கப்பல்கள் அங்கே கூடின. தில்லி, மாலத்தீவு, மஃபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரை, வங்காளம், சுமத்ரா எனப் பல நாடுகளைச் சுற்றிய இப்னு பதூதா, 1346ஆம் ஆண்டளவில் அத்துறையில் இறங்கியதாகத் தம் ரிஹ்லாவில் கூறுகிறார்.

அந்த நூலின் முழுப் பெயரே நகரங்களின் புதுமைகளையும் பயணங்களின் அதிசயங்களையும் வாக்களிக்கிறது. அது அவர் நாள்தோறும் எழுதி வைத்த குறிப்பன்று. ஊர் திரும்பியபின், மொராக்கோவின் ஃபாஸ் நகரில், சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் வாய்மொழியாகச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் புலவர் ஏட்டில் வடித்தது. பணி 1355இலும் அடுத்த ஆண்டிலும் முடிந்தது. சீனத்தைக் கண்டதற்கும் சீனத்தைச் சொன்னதற்கும் இடையில் ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளி உண்டு; சொன்னவரின் நாவுக்கும் நமக்கும் இடையே ஒரு புலவரின் எழுதுகோலும் உண்டு. அவர் சீனம் முழுவதையும் சுற்றியதாகக் கூறுவதை ஆய்வாளர் பலர் ஐயுறுவதற்கு நூலிலேயே காரணங்கள் இருக்கின்றன. ஸைதூனிலிருந்து ஸீன் கலான் எனப்பட்ட காண்டன் வரை இருபத்தேழு நாட்கள் ஆற்று வழியே சென்றதாகச் சொல்கிறார். வரைபடத்தை விரித்துப் பார்ப்பவருக்கு அவ்விரு துறைகளையும் இணைக்கும் தொடர்ந்த ஆற்றுவழி அகப்படாது.

இதனால் அவரை முற்றிலும் தள்ளிவிடுவது நீதியாகாது. அவர் சிறக்கும் இடங்கள் எவை என்று பார்க்க வேண்டும். ஸைதூன் என்றால் ஒலிவம். ஆனால் இந்நகரில் ஒலிவ மரமே இல்லை, சீனம் முழுவதிலும் இந்தியாவிலும் கூட இல்லை என்று அவரே எழுதுகிறார். பெயரைக் கேட்டு மயங்காமல் மரத்தைத் தேடிப் பார்த்த கண் அது. அவருக்குத் தெரியாத விடை இன்று நமக்குத் தெரியும். அந்நகரைச் சுற்றிச் சீனர் 'சித்தோங்' எனும் மரங்களை நட்டிருந்தனர். அந்தப் பெயரின் ஒலியே அரபு நாவில் ஸைதூன் ஆயிற்று. சித்தோங் வேறெதுவுமன்று, நம் வீட்டு வேலியில் செந்நிறப் பூப்பூத்து நிற்கும் கல்யாண முருங்கைதான்!

அதைவிடச் சிறந்த இடம் ஒன்றுண்டு. யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரைத் தடுக்கும் மதிலைப் பற்றி அவர் காண்டனில் விசாரிக்கிறார். அங்கிருந்து அறுபது நாள் பயணத் தொலைவு எனக் கேள்விப்படுகிறார். ஆனால் அதனைக் கண்டவரையும் நான் சந்திக்கவில்லை, கண்டவரைக் கண்டவரையும் சந்திக்கவில்லை என்னும் கருத்தையும் உடனே பதிவு செய்கிறார். ஒரு காழியின் பயிற்சி அங்கே பேசுகிறது. எதிரே அமர்ந்திருந்த அரசவையோ அதிசயத்தைத்தான் எதிர்பார்த்தது. கண்டதாகச் சொல்லியிருந்தால் மறுப்பவர் யார்? இருந்தும் தொடர் அறுந்த இடத்தை அறுந்தது என்றே காட்டினார்.

அவருடைய பெருங்குறையும் இதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. சீனம் எல்லாச் சிறப்புகளும் உடையதாயினும் தமக்குப் பிடிக்கவில்லை என்றும், வெளியே சென்றால் மனத்துக்கு ஒவ்வாதவற்றையே காண நேர்ந்ததால் தேவையின்றி வீட்டை விட்டுப் புறப்படவில்லை என்றும் அவர் சொல்கிறார். முஸ்லிம்களைக் கண்டபோது மட்டும் உற்றார் உறவினரைக் கண்டாற் போன்றிருந்ததாம். உள்ளதைச் சொன்ன நேர்மையைப் பாராட்டலாம். ஆயினும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர் ஒரு நாட்டைப் பற்றி எவ்வளவு சான்று கூற முடியும்? சீன மக்களின் அக வாழ்வைப் பற்றி அவர் கூறுவன மெலிந்து போனமைக்கு இதுவே காரணம்.

அவர் மனிதர்களைப் பற்றிச் சொல்வனவோ இன்றும் உயிரோடிருக்கின்றன. காழி தாஜுத்தீன் அர்தபீலீ, ஷைகுல் இஸ்லாம் கமாலுத்தீன் அப்துல்லாஹ் இஸ்ஃபஹானீ, வணிகர் ஷரபுத்தீன் தப்ரேஸீ எனப் பெயர் சொல்லி நம்மை அழைத்துச் செல்கிறார். கடைசியில் சொன்ன வணிகர், இப்னு பதூதா முதன்முதல் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்குக் கடன் கொடுத்தவர். கொடுத்தவர்களுள் நன்முறையில் நடந்துகொண்டவர். தில்லி வழியில் பட்ட கடனின் நினைவு சீனத் துறையில் எதிர்வந்து நிற்கிறது! மாநகரின் மாடமும் மதிலும் நம் நினைவில் நிற்பதில்லை. கடன் கொடுத்தவரின் நல்ல முகம் நிற்கிறது. பயண இலக்கியத்தின் அளவுகோல் இங்கேயே நமக்குக் கிடைத்துவிடுகிறது.

கல் சொல்லும் சாட்சி

சுவான்சௌவில் இன்றும் ஒரு கற்பள்ளிவாசல் நிற்கிறது. தொழுகைக் கூடத்தின் கூரை போய்விட்டது, சுவர்கள் இருக்கின்றன. ஹிஜ்ரி 400இல் கட்டப்பெற்று 710இல் புதுப்பிக்கப் பெற்றதாக அதன் அரபுக் கல்வெட்டு கூறுகிறது. அவை கி.பி. 1009, 1310 என்னும் ஆண்டுகளை ஒட்டியவை. அந்நகரில் கண்டெடுத்த அரபு மொழிக் கப்ருக் கற்கள் அங்குள்ள கடல்வழி வாணிக வரலாற்று அருங்காட்சியகத்தில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. 1357 முதல் பத்தாண்டுக் காலம் நடந்த உள்நாட்டுக் கிளர்ச்சியில் அந்த முஸ்லிம் சமுதாயம் சிதைந்தது. பின்னர்த் துறையும் மங்கியது. காலம் செல்லச் செல்ல, தெற்கேயிருந்த ஷியாமென் அதன் இடத்தைப் பெற்றது.

நமக்கு மிக நெருங்கிய சாட்சி அந்த ஷியாமெனிலேயே இருக்கிறது. சுவான்சௌவில் 1956இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லில் தமிழ் எழுத்துக்களும் அவற்றின்கீழ்ச் சீன எழுத்துக்களும் உள்ளன. ஆண்டு சக 1203, சித்திரை, அதாவது கி.பி. 1281. சீன மன்னனின் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் ஒருவர் சிவன் திருவுருவை எழுந்தருளச் செய்ததை அது கூறுகிறது. மன்னனின் ஆணையைக் குறிக்க அக்கல்வெட்டு ஆள்வது 'பர்மான்' என்னும் பாரசீகச் சொல்! சைவத் தமிழர் ஒருவர், மங்கோலியக் கானின் சீனத் துறையில், பாரசீகச் சொல்லைத் தமிழெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார். கலப்பும் கொடுக்கல் வாங்கலும் நிறைந்த அந்தத் துறையின் வாழ்வை விளக்க ஒரு நூலுக்கு நூறு பக்கம் வேண்டும். இக்கல்லுக்கு ஒரு சொல் போதுமாயிற்று. ஷியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இக்கல் வைக்கப்பட்டது. அப்பல்கலைக்கழக வளாகத்தின் அழகையும், பக்கத்திலுள்ள நான்புத்துவோ ஆலயத்தையும், எதிரே விரியும் கடலையும் வருணிக்காத சுற்றுலாக் கட்டுரை இல்லை. இந்தக் கல்லைக் குறிப்பிடும் கட்டுரையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அழகின் விலை

இனி அந்த மாளிகைகளுக்கு வருவோம். இந்திய மண்ணில், பாட்னா, காசிப் பகுதிகளிலும் மாளவத்திலும் விளைந்த அபினியைச் சீனரின் தலையில் கட்டுவதற்காக ஆங்கிலேயர் தொடுத்த போரில், 1841 ஆகஸ்டு 26ஆம் நாள் ஷியாமென் வீழ்ந்தது. குலாங்யூவில் அவர்களின் படை தங்கியது. 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கை ஐந்து சீனத் துறைகளை வலிந்து திறந்தது. அவற்றுள் ஒன்று ஷியாமென். வணிகர், தூதுவர், கிறித்தவ ஊழியர் ஆகியோர் குலாங்யூவில் குடியேறினர். பியானோ அவர்களோடுதான் வந்தது. 1903இல் அத்தீவு அந்நிய நாட்டாரின் நகராட்சிக்கு உட்பட்ட குடியிருப்பாயிற்று. சீன மண்ணில் சீனரைப் பிறர் ஆண்ட இடம் அது.

அதே துறையிலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியாயினர். 1847இல் கூலிகளை ஏற்றிய கப்பல் ஒன்று கியூபாவுக்குப் புறப்பட்டது. ஆள்பிடிக்கும் தரகர்களின் அட்டூழியம் பொறுக்காமல் 1852இல் நகர மக்கள் கொதித்தெழுந்தனர். ஒப்பந்தத்துக்கு ஆட்படாதவர்களும் பஞ்சமும் வறுமையும் துரத்த, நான்யாங் எனப்பட்ட தென்கடல் நாடுகளுக்குக் கப்பலேறினர். மலாயா, சிங்கப்பூர், ஜாவா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் இன்று வாழும் ஹொக்கியன் மொழிக் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் இந்தக் கரைதான்.

அவர்களுள் ஹுவாங் யீஜூ என்பவர் சவரத் தொழில் செய்து பிழைத்தவர். ஜாவாவின் செமராங் நகரில் சர்க்கரை வாணிகத்தால் பெருஞ்செல்வராகி, 1919இல் திரும்பிவந்து குலாங்யூவில் மாளிகை எழுப்பினார். ஷியாமென் நகரின் குடிநீர், தொலைபேசி ஏற்பாடுகளுக்கும் முதலிட்டார். தான் கா கீ அவர்கள் இத்தீவை அடுத்த ஜிமெய் என்னும் ஊரினர். சிங்கப்பூரில் அன்னாசியிலும் ரப்பரிலும் ஈட்டியதைக் கொண்டு 1921இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். விலை வீழ்ச்சியால் 1934இல் அவருடைய நிறுவனமே கலைக்கப்பட்டது. அதன்பின்னும் 1937இல் அரசிடம் ஒப்படைக்கும்வரை பல்கலைக்கழகத்தை அவர் கைவிடவில்லை.

ஆக, பயணிகள் நிழற்படம் எடுக்கும் செந்நிறக் கூரைகளுள் பெரும்பகுதி அந்நியரின் மிச்சமன்று; சபுராளிகளின் சேமிப்பு. அழகிய மாளிகை என்று எழுதுபவர், அதன் ஒவ்வொரு செங்கல்லும் கடல் கடந்த ஒருவரின் பிரிவு என்பதையும் எழுதினால்தான் வருணனை நிறைவுபெறும்.

கடிதங்களே இலக்கியம்

ஷியாமெனைப் பற்றிய சிறந்த எழுத்து எது என்று என்னைக் கேட்டால், அவ்வூரைக் காண வந்தவர் எழுதியதன்று. அவ்வூரை விட்டுச் சென்றவர் எழுதியதே என்பேன். தென்கடல் நாடுகளிலிருந்து ஃபூஜியான், குவாங்தோங் கரைகளுக்கு வந்த 'சியாவ்பீ' எனப்படும் கடிதங்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவை ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2013இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

சியாவ்பீ என்பது கடிதமும் பணமும் ஒன்றாய்ச் சேர்ந்தது. தொகை உறையின்மேல் எழுதப்பட்டிருக்கும். செய்தி உள்ளே இருக்கும். தொடக்கக் காலத்தில் ஊருக்கும் தென்கடலுக்குமாகப் போய்வரும் நம்பகமான ஆட்களே அவற்றைக் கொண்டுசென்றனர். பின்னர் அதற்கென்றே கடைகள் தோன்றின. எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதுவித்தார். கொண்டுவந்து கொடுப்பவர் கையிலேயே பதில் துண்டு ஒன்றும் திரும்பிச் செல்லும். பணம் வந்து சேர்ந்ததற்கு அதுவே சான்று.

இவற்றை இலக்கியமெனக் கொள்ளலாமா என்று ஐயுறுபவர் இருக்கலாம். சொல்லணி அவற்றில் இல்லை. காட்சி வருணனையும் அரிது. தாய்க்கு வணக்கம், அனுப்பிய தொகை, அதை யார் யாருக்கு எவ்வளவு பங்கிட வேண்டும் என்னும் விவரம், பிள்ளையின் படிப்பு, வீட்டின் பழுது, வருவேன் என்னும் வாக்கு. இந்த அடக்கமே அவற்றின் வலிமை. எழுதுபவருக்கு இடமும் குறைவு, காசும் குறைவு. பிறர் கையால் எழுதுவிக்கும்போது நாணமும் சேர்கிறது. சொல்ல முடியாததெல்லாம் பங்கீட்டுக் கணக்கில் மறைந்து நிற்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதைப் படித்தாலே யார்மீது எவ்வளவு அன்பு, யாரிடம் எவ்வளவு கடமை என்பது புலனாகும். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் இவை தேறுகின்றன. சொன்னவர் யார், எங்கிருந்து, எந்நாளில், யாருக்கு என்பவை உறையிலேயே உள்ளன. அறிவிப்பாளர் தொடர் அறாத எழுத்து இது.

இக்கடிதங்களின் அருமையை நம் குடும்பங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பினாங்கின் ஒரே வீதியில், தமிழ் முஸ்லிம்கள் 1801ஆம் ஆண்டளவில் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சீனக் குடியேறிகள் எழுப்பிய குவான் யின் கோயிலும் சற்றே இடைவெளியில் நிற்கின்றன. ஹொக்கியன் வணிகரும் நம் மரக்காயர், ராவுத்தர் மக்களும் ஒரே துறையில் சரக்கிறக்கினர். ஒரே கடைத்தெருவில் கணக்கெழுதினர். அவர்கள் அமோய்க்கு எழுதிய அதே நாட்களில் இவர்கள் நாகூருக்கும் கீழக்கரைக்கும் காயலுக்கும் எழுதினர். அங்கே அக்கடிதங்களைத் திரட்டி உலகப் பதிவேட்டில் ஏற்றிவிட்டனர். இங்கே நம் பாட்டனார் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் எத்தனை வீடுகளில் பரண்மேல் செல்லரித்துக் கிடக்கின்றன, எத்தனை பழைய தாள் வணிகரின் தராசுக்குப் போயின என்பதை வாசகர்களின் சிந்தனைக்கே விடுகிறேன்.

நிறை கூறல்

இவ்வாறெல்லாம் சொல்வதால், ஷியாமென் கடலைக் கண்டு மகிழ்வதே தவறு என்று கொள்ளலாகாது. துயரத்தை மட்டுமே தேடும் எழுத்தும் ஒருகண் எழுத்துத்தான். இக்கடலின் எதிரே கின்மென் தீவு தைவான் அரசின் வசத்தில் இருக்கிறது. 1958 ஆகஸ்டு 23இல் தொடங்கிய பீரங்கித் தாக்குதலால் இரு கரையினரும் பதுங்கு குழிகளில் வாழ்ந்த காலம் ஒன்றுண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் என நீண்ட அந்தக் குண்டுமழை 1979 சனவரி முதல் நாளில்தான் ஓய்ந்தது. 2001இல் அதே கடலில் பயணிகளின் படகு ஓடத் தொடங்கியது. இதை அறிந்தவர் அந்தக் கடற்காட்சியை அறியாதவரைவிடக் குறைவாகவா மகிழ்வார்? மிகுதியாகவே மகிழ்வார்; அமைதியின் விலையும் அவருக்குத் தெரியும்.

நம் இளைஞர் பலர் இன்று வாணிகத்துக்காகவும் மருத்துவக் கல்விக்காகவும் சீனம் செல்கின்றனர். ஊர் திரும்பிக் கட்டுரைகளும் எழுதுகின்றனர். வரவேற்கத்தக்கதே. அவர்களிடம் நாம் வேண்டுவது மூன்று. கண்டதையும் கேட்டதையும் பிரித்தெழுதுங்கள். இப்னு பதூதா மதிலைப் பற்றிக் காட்டிய நேர்மை உங்களிடமும் இருக்கட்டும். அவரைப் போல வீட்டுக்குள் அடைந்திராதீர்கள். நம்மவரல்லாதவரின் வாசலிலும் நின்று பேசிப் பாருங்கள். கட்டடத்தைக் கண்டால் கட்டியவரையும், அவர் எங்கே சென்று அந்தப் பொருளை ஈட்டினார் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். இம்மூன்றும் அமைந்த கட்டுரை நான்கு பக்கமே ஆனாலும் நூலாக நிலைபெறும். அமையாதது எத்துணை வண்ணப் படங்களோடு வெளிவந்தாலும் அடுத்த கட்டுரை வரும்வரைதான் வாழும்.